சடையன் எடுத்த எட்டு விக்கெட்

3.12.1978
சாமை எங்களுக்குப் பாதிதான் வந்தது. பக்கத்துக் கொல்லைச் சடையனுக்கு அதுவும் இல்லை. தை பிறந்ததும் குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலியாகப் போகிறானாம். போன வருஷம் போன அவன் அண்ணன் இன்னும் திரும்பவில்லை. சடையன் பெண்சாதி மாணிக்கம்மாளுக்கு ஆறு மாதம்.

ஒடுகத்தூர் சந்தையில், நான் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடிய நாளிலிருந்து தெரிந்த துரைக்கண்ணுவைப் பார்த்தேன். தோல் கம்பெனி கிரிக்கெட் டீமுக்கு மேனேஜர். விளையாடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். சடையன் காவல் பரண்மேல் இருந்தபடி ஓடும் காட்டுப்பன்றியின் காதில் கல்லால் அடிப்பதைச் சொன்னேன். சிரித்தார். "கூட்டியாப்பா, பாப்போம். பொங்கல் மேட்ச ஜெயிச்சுக் குடுத்தா கம்பெனியில வேலை."

10.12.1978
கல்லெறிகிறவன் முழங்கையை மடக்குவான். பந்து போடுகிறவன் மடக்கினால் நோபால். நாலு நாள் கத்தியும் சடையனுக்குக் கை மடங்கத்தான் செய்கிறது. இன்று மூங்கில் தப்பையை அவன் முழங்கையில் வைத்துக் கட்டினேன்.
"இன்னாடா, ஒடிஞ்ச மாட்டுக் காலாட்டம் கட்டிட்ட" என்றான். கட்டோடே இருநூறு பந்து போட்டான்.

2.1.1979
தப்பை இல்லாமலே கை நேராக வருகிறது.

16.1.1979
பொங்கல் மேட்ச்சில் எங்கள் டீம் — எங்களுடையதா, கம்பெனியுடையது — முப்பத்துநாலு ரன்னுக்குச் சுருண்டது. ஷாமியானாவில் இருந்த பெரிய மனிதர்கள் பாதிப்பேர் சாப்பிட எழுந்து போய்விட்டார்கள்.

சடையன் வெறுங்காலோடு ஓடிவந்தான். "மலையில தேன் எடுக்கறவனப் புடிச்சுக்கினு வந்துட்டாங்கடா" என்று ஜோலார்பேட்டை டீம்காரன் ஒருவன் கத்தினான். முதல் பந்தே நோபால். சடையன் தன் முழங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு யாருக்கும் பந்து தெரியவில்லை. எட்டு விக்கெட். கடைசி ஆள் வந்தபோது அவர்களுக்கு நாலு ரன் வேண்டும். அவன் மட்டையைத் தூக்குவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்தது. முப்பத்தொன்றுக்கு ஆல் அவுட்.

கோப்பையோடு எடுத்த போட்டோவில் சடையன் இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். கூப்பிட ஒருவனுக்கும் தோன்றவில்லை.

22.1.1979
கம்பெனிக்குச் சடையனின் வேலை மனுவை நான்தான் எழுதினேன். 'தெரிந்த வேலை' என்ற இடத்தில் என்ன எழுதுவது? பந்துவீச்சு என்றால் சிரிப்பார்களோ? 'எந்த வேலையும் செய்வார்' என்று எழுதினேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார் துரைக்கண்ணு.

30.1.1979
சடையனை, தோலில் மயிர் உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். மட்டை பிடிக்கிற பி.ஏ.க்களுக்கெல்லாம் ஆபீசில் நாற்காலி. ஜெயித்துக் கொடுத்தவன் முழங்கால் ஆழச் சுண்ணாம்பில். போய்க் கேட்டேன். துரைக்கண்ணு கோபப்படக்கூட இல்லை.
"எந்த வேலையும் செய்வான்னு நீதானேப்பா எழுதின?"
மடையன் நான்.

8.7.1979
சடையன் ஊருக்கு வந்தான். நாலு மாத மகளைத் தொடவில்லை. கை முழுக்க வெடிப்பு, விரல் நுனியில் ரேகையே இல்லை. கையுறை கேட்டானாம். டீமில் கீப்பருக்கே ஒரு ஜோடிதான் இருக்கிறது என்று சிரித்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைய வுட்டுட்டு வாடா என்றேன்.
"வந்தா? நீ சோறு போடுவியா?"
நானே அப்பா வூட்டுக் கூழைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

16.1.1980
மறுபடி அதே மைதானம், அதே ஜோலார்பேட்டை. கம்பெனி நாற்பத்தொரு ரன். ஜனம் சடையன் பேரைச் சொல்லிக் கத்தியது. கேப்டன் பந்தை அவனிடம் கொடுத்தான்.

முதல் பந்து ஸ்டம்புக்கு ஆறடி தள்ளிப் போனது. இரண்டாவது, ஆடுகிறவன் தலைக்கு மேலே. ஓட்டம் அதேதான், வேகமும் அதேதான். விரல் பந்தைப் பிடிக்கவில்லை. மூன்றாவது பந்து போனதும் கீப்பர் அதை நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். ரத்தம்.

நடுவர் கைக்குட்டையால் பந்தைத் துடைத்தார். மிச்ச ஓவரை வேறு ஆள் போட்டான். சடையன் எல்லைக்கோட்டோரம் போய் நின்றான். அவன் பக்கம் வந்த பந்தைக் குனிந்து எடுக்காமல் காலால் தடுத்தான்.

கூட்டம் சிரித்தது.