கறுப்புப் பொருள், கனமாக இருக்கிறது

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் கயோகோ அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கேமரா அவள் கால் பெருவிரலில் விழுந்தது. நான் ஓடிப்போய் கேமராவை எடுத்து லென்ஸைப் பார்த்தேன். கீறல் இல்லை. அப்புறம்தான் விரலைப் பற்றி விசாரித்தேன். வரிசை மாறிப்போயிற்று.

"இதோட நாப்பத்தொண்ணு. இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு கேமரா வந்துச்சுன்னா நீங்க வெளிய போயிடுங்க" என்றாள் என் மனைவி. நாற்பத்திரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

இனி வாங்குவதில்லை. பார்ப்பது மட்டும். பார்த்தால் என்ன தப்பு?

மதியம் பார்த்தேன். ஏலத் தளத்தில் கேமராவின் பெயரைப் போட்டுத் தேடுகிறவன் முட்டாள். பெயர் தெரிந்து விற்கிறவனுக்கு விலையும் தெரியும். நான் "என்னவென்று தெரியவில்லை", "கொட்டகை", "கனம்" என்றுதான் போடுவேன். விவசாயக் கருவிகள் பிரிவில், மண்வெட்டிக்கும் மருந்து தெளிப்பானுக்கும் நடுவில் இது கிடந்தது:

"கறுப்புப் பொருள். கனமாக இருக்கிறது. கொட்டகையில் கிடந்தது. திறக்கத் தெரியவில்லை. லேசாக வாடை உண்டு."

ஒரே ஒரு படம். அதில் பாதி, பூனை. மீதியில் ஒரு ரப்பர் பூட்ஸும், தலைகீழாக வைத்த பொருளின் அடிப்பாகமும். அந்த அடிப்பாகத்தில் ஒரே கோட்டில் மூன்று திருகாணி. மூன்று! ஹகுரெய் கேமராவைத் தவிர வேறெதிலும் அப்படிக் கிடையாது. பதினோரு வருடமாகத் தேடுகிறேன். என் மூன்று மாதச் சம்பளம் பெறும். கேட்பது ஆயிரம் யென்.

ஏலம் முடிவது செவ்வாய் காலை 10:40. எந்தப் புண்ணியவான் அந்த நேரத்தில் ஏலத்தை முடிப்பான்? எல்லோரும் ஆபீஸில் இருப்பார்களே! நானும்தான்.

அக்டோபர் 17, செவ்வாய்

எங்கள் கேமரா சங்கத்தில் நண்பன் நெஸு வகுத்த விதி மூன்று. முன்கூட்டி ஏலம் கேட்காதே, கடைசி நிமிடத்தில் கேள். 'பிடித்தவை' பட்டியலில் சேர்க்காதே. எக்காரணம் கொண்டும் விற்பவரிடம் கேள்வி கேட்காதே. ஏனென்றால் கேள்வியும் பதிலும், கேட்டவன் பெயர் மட்டும் இல்லாமல், அந்தப் பக்கத்திலேயே ஊருக்கெல்லாம் தெரியும்படி ஒட்டிக்கொண்டிருக்கும்.

10:36க்கு எங்கள் நகராட்சி ஆபீஸ் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். 10:39க்கு யாரோ தட்டினார்கள். "வயிறு சரியில்லை" என்று முனகினேன். 1,100 யென். எனக்கே!

மேலதிகாரி வயிற்று மாத்திரை கொடுத்தார். போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அக்டோபர் 20, வெள்ளி

பார்சல் வந்தது. நல்லவேளை, கயோகோ கடைக்குப் போயிருந்தாள். கேமரா வேலை செய்கிறது! ஷட்டர் சத்தத்தை நாற்பது தடவை கேட்டேன்.

பெட்டியில் கூடவே ஆறு கட்டி கொன்யாக்கு. கருணைக்கிழங்குக்குத் தம்பி முறையான கிழங்கை அரைத்துச் செய்த, ஆட்டினால் ஆடுகிற சாம்பல் நிறக் கட்டி. விற்றவர் குன்மா பக்கத்தில் கிழங்கு பயிரிடும் மோதெகி என்பவர். கடிதமும் வைத்திருக்கிறார்: "இந்தக் குப்பையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மனசு கேட்கவில்லை. எங்கள் வயலில் விளைந்தது, சாப்பிடுங்கள்."

கேமராவைப் பூட்ஸ் பெட்டிக்குள் ஒளித்தேன். கொன்யாக்கை ஒளிக்க முடியவில்லை.

அக்டோபர் 21, சனி

"யாரு அனுப்பினா?"

"ஆபீஸ் விஷயமா பழக்கம்."

"அப்ப பதிலுக்கு நாம ஏதாவது அனுப்ப வேணாமா? வந்ததுல பாதிக்காவது செய்யணும். ஊர்ல என்ன நினைப்பாங்க?"

பாதி. எதில் பாதி? ஆறு கொன்யாக்கில் பாதியா, மூன்று மாதச் சம்பளத்தில் பாதியா? யோசிக்க யோசிக்க வயிறு உண்மையிலேயே சரியில்லாமல் போயிற்று. பயற்று இனிப்பு ஒரு டப்பா அனுப்பினேன். பெரிய டப்பா.

அக்டோபர் 28, சனி

மோதெகியிடமிருந்து இருபது கட்டி கொன்யாக்கு, ஒரு கட்டு வெங்காயத்தாள், கடிதம். "குப்பையை அனுப்பியவனுக்கு இனிப்பா! என் மனைவி அழுதுவிட்டாள். கொட்டகையில் இன்னொரு கறுப்புப் பொருள் இருக்கிறது. உருண்டை. முன்னால் கண்ணாடி. அடுத்த வாரம் போடுகிறேன்."

உருண்டை. முன்னால் கண்ணாடி. கடவுளே, அதே கேமராவின் 85 மில்லிமீட்டர் லென்ஸ்! அது கிடைத்தால் போதும். அத்தோடு நிறுத்திவிடுவேன். சத்தியமாக.

அக்டோபர் 29, ஞாயிறு

காலை கொன்யாக்கு. மதியம் கொன்யாக்கு. இரவும் அதே.

நவம்பர் 5, ஞாயிறு

வந்துவிட்டது. சமையலறைப் பாத்திரங்கள் பிரிவில். முள்ளங்கி ஊறுகாய்த் தொட்டியின் மூடிமேல் லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. "உருண்டைப் பொருள். ஊறுகாய்க்கு மேலே கல்லுக்குப் பதிலாக வைத்திருந்தோம். கனம் போதவில்லை."

பாவி மனுஷா! ஊறுகாய்க் கல்லா அது!

முடிவது சனிக்கிழமை காலை. அதுவரை மூச்சு விடக்கூடாது.

நவம்பர் 6, திங்கள்

போச்சு. மோதெகி அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இதுவும் குப்பைதான். யாரும் வாங்க வேண்டாம். போன தடவை ஒரு நல்ல மனிதர் ஏமாந்தும், திட்டாமல் இனிப்பு அனுப்பினார். வெட்கமாக இருக்கிறது. வியாழன் காலை, எரிக்க முடியாத குப்பையை எடுக்க வரும் வண்டியில் போட்டுவிடுகிறேன்."

குப்பை வண்டியிலா!

முதல் விதியைத் தூக்கி எறிந்து 3,000 கேட்டேன். நீக்கிவிட்டார். 5,000. நீக்கிவிட்டார். 8,000 கேட்டதற்கு, "இகராஷி அவர்களே, போதும். உங்கள் நல்ல மனசு புரிகிறது" என்று தளத்தின் வழியே செய்தி வந்தது. அதற்குப் பதில் போட வழி கிடையாது.

நல்ல மனசாம். எனக்கு!

நவம்பர் 7, செவ்வாய்

பார்சல் சீட்டில் இருந்த எண்ணுக்குச் சாயங்காலம் போன் செய்தேன்.

"குப்பையா இருந்தாலும் பரவாயில்லைங்க, எனக்கே அனுப்பிடுங்க."

"ஐயையோ! உங்கள மாதிரி மனுஷரை இன்னொரு தடவை ஏமாத்தினா எனக்குச் சோறு இறங்குமா?"

"இல்ல, எனக்குக் குப்பைன்னா பிடிக்கும்."

"பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! ஏய், கேட்டியாடி, அவருக்குக் குப்பைன்னா பிடிக்குமாம்!" பின்னால் அவர் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "முள்ளங்கி ஊறுகாய் நல்லா வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். இப்படியும் ஒரு கோழை உண்டா?

நவம்பர் 8, புதன்

நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வரும். கடிதம் போய்ச் சேராது. வாயால் சொல்ல வராது. எழுதுவதற்கு மிச்சமிருந்தது ஒரே இடம், அந்தக் கேள்விப் பெட்டி. எழுதினால் நாட்டில் உள்ள அத்தனை கேமராப் பைத்தியமும் படிக்கும். எனக்குக் கிடைக்காது. எழுதாவிட்டால் யாருக்குமே கிடைக்காது.

மதிய இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் எழுதினேன்:

"இது குப்பை அல்ல. ஹகுரெய் 85 லென்ஸ். அபூர்வமானது. என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் பெறும். முன்பு நான் வாங்கிய கேமராவும் குப்பை அல்ல. தெரிந்தேதான் வாங்கினேன். கேட்டால் திருப்பித் தருகிறேன். நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்திவிடுங்கள்."

இதில் கேள்வி எங்கே? கடைசியில் "சரியா?" என்று சேர்த்து அனுப்பினேன்.

நவம்பர் 9, வியாழன்

7:52க்குப் பதில் வந்தது. "அப்படியா. குப்பையில் போடவில்லை. தொட்டிமேல் வேறு கல் வைத்துவிட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன். கயோகோ என்ன என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், பூட்ஸ் பெட்டி உட்பட. திட்டுவாள் என்று பார்த்தால், "அந்த மனுஷனுக்குப் பயற்று இனிப்பு மட்டுமா அனுப்பினீங்க? வெக்கமா இல்ல?" என்றாள்.

லென்ஸைப் பிடித்தவை பட்டியலில் சேர்த்தவர்கள்: நேற்று 2. இன்று 340.

நவம்பர் 12, ஞாயிறு

நேற்றே போய்விட்டது. என்னால் முடிந்தவரை கேட்டேன், பாதி விலைக்குக்கூட எட்டவில்லை. வாங்கியது நெஸு. இன்று சங்கத்தில் லென்ஸைப் பட்டுத் துணியில் வைத்துக் காட்டினான். லேசாக முள்ளங்கி வாடை.

"எவனோ ஒரு கிறுக்கன் கேள்விப் பெட்டியில எல்லாத்தையும் கொட்டிட்டான்டா இகராஷி! இவ்வளவு தெளிவான விவரத்த நான் படிச்சதே இல்ல. எவனா இருக்கும்?"

"எவனோ" என்றேன்.

நவம்பர் 18, சனி

வாசலில் லாரி. மோதெகியின் கடிதம்: "கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எலி கூடு கட்டியிருந்ததை நானும்தான் சொல்லவில்லை. லென்ஸ் போன விலை கேட்டு என் மனைவி மறுபடி அழுதாள். வந்ததில் பாதிக்காவது பதில் செய்வதுதானே மரியாதை. பணமாகக் கொடுத்தால் நன்றாக இருக்காது. நல்ல மனிதர் என்று எழுதியதைத் திருத்தவில்லை."

நாற்பத்திரண்டு பெட்டி கொன்யாக்கு.

"உங்கள வெளிய போகச் சொல்லியிருந்தேன். இனி நினைச்சாலும் போக முடியாது, கதவை மறைச்சிருக்கு" என்றாள் கயோகோ. பெட்டிகளுக்குப் பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 23, வியாழன்

கயோகோ என்னைக் கேட்காமலே ஏலத் தளத்தில் ஒரு பெட்டியைப் போட்டிருக்கிறாள். ஒரே படம். அதில் பாதி, என் செருப்பு.

"கணவருடைய பெட்டி. உள்ளே சாம்பல் நிறப் பொருள். கனமாக இருக்கிறது. நிறைய இருப்பதால் இடம் அடைக்கிறது. லேசாக வாடை உண்டு." முடிவது ஞாயிறு காலை 10:40.

"இதுல ஒரு பொய் காட்டுங்க பாப்போம்" என்றாள். இரண்டு தடவை படித்தேன். ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் நெஸு போன் செய்தான். ஞாயிறு சங்கத்துக்கு வர முடியாதாம். பத்தரை மணிக்குப் பல் டாக்டராம். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர் கடை திறக்கிறார்?

கேள்விப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. விதி தெரிந்தவன், கேட்க மாட்டான்.