அண்ணா எழுதிக் கொடுத்த இரண்டாவது கடிதம்

என் அன்பு அண்ணாவுக்கு,

பஸ்ஸால் இறங்கி வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வந்து நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. இனிமேல் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

மனித உரிமை ஆணைக்குழுவின் ஆணையாளர் ஒருவர் இன்றைக்குக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்து பழைய முறைப்பாடுகளைப் பார்த்தார். நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். நிலாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த உங்களைக் காவலரணில் மறித்து, சீருடைக்காரர் இருவர் அடித்து, இடது காதைச் செவிடாக்கி ஐந்து வருடம்; நீங்கள் கொடுத்த முறைப்பாட்டுக்கு ஒரு பதிலும் இல்லை. இருக்கச் சொல்வதற்கு முன்பே, "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த ஆணையாளர் அம்மா கோபிக்கவில்லை. கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இது உங்கட அண்ணாட கையெழுத்தோ?"

ஓம், உங்களுடையதேதான். முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே இப்படி: 'என் தங்கச்சிக்குக் குச்சவெளிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துள்ளது. அவள் தினமும் அந்தக் காவலரணைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய்வர வேண்டும். அவள் ஒன்றும் காணவில்லை. அவளைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.'

ஒன்றும் காணவில்லையா? உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்தவள் நான்தானே!

"ஆணைக்குழுவிலயிருந்து கடிதம் வந்ததோ?" என்று நான் கேட்ட போதெல்லாம், "வரும், கொஞ்சம் பொறு" என்றீர்கள். நான் அவர்களைத் திட்டத் திட்ட, பக்கத்திலிருந்து பேசாமல் சோறு சாப்பிட்டீர்கள். எப்படி அண்ணா மனம் வந்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஆணையாளர் அம்மா தண்ணீர் தந்துவிட்டுச் சொன்னார்: "அவர் வாபஸ் வாங்கினாலும், ஆணையாளர்கள் நாங்களாகவே விசாரிக்கலாம். ஆனா உங்களுக்கு ஒண்டை ஒளிக்காமல் சொல்லுறன். தண்டனை குடுக்க எங்களுக்கு ஏலாது. பரிந்துரை செய்யத்தான் ஏலும். அதுக்கும் கண்ட ஆள் சொல்ல வேணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனா, நடந்தது நடந்ததுதானெண்டு அரசாங்கத் தாளில ஏறும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

உடனே ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கும் அந்த வழியால்தானே போகவேண்டும் என்ற நினைப்பு வந்தது. இத்தனை வருடம் நீங்கள் தனியாக எதற்குப் பயந்தீர்கள் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

என்னைக் காப்பாற்றத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் பொய் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய ஆளாக அந்தக் கோப்பில் நீங்கள் கிடக்க நான் விடமாட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை போய் வாக்குமூலம் கொடுக்கிறேன். பயந்துகொண்டாவது கொடுக்கிறேன். இது சத்தியம், அண்ணா.

உங்களை அடித்ததைக் கண்ணால் கண்ட,
உங்கள் தங்கச்சி
சுகந்தி