முழங்கால் தண்ணீர்

மச்சான்,

தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்ததே, அதற்கடுத்த கோடையில் நாம் ஆற்றை அளந்தது நினைவுக்கு வருகிறது. இன்று கடலூரில் என் பேத்தி காலேஜ் கணக்குக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்தாள். நீலப் பாய் விரித்தாற்போல் இருந்தது. நடுவில் சட்டென்று குழிந்தது.

"இதுக்குக் காசு கட்டணுமா?" என்றேன்.

"ஃப்ரீ தாத்தா."

அன்று நீ தேடியதும் இப்படி ஒன்றைத்தானே. எழுத்து தெரியாதவன் நான். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

புயலுக்கு முந்தின ஆடிப்பெருக்கில் உன் பையனைக் கொள்ளிடம் ஆறு கொண்டுபோனது. "முழங்காலுக்கு மேல போவாதடான்னு சொல்லித்தானே அனுப்பினேன்" என்று புலம்பினாய். கோடையில் தண்ணீர் இறங்கியதும் அவன் முழுகிய ஆழமான மடுவை அளக்க என்னைக் கூப்பிட்டாய். படகு தள்ளிய கைதானே, கழியை ஊன்றி ஊன்றி ஆழம் சொன்னேன். கரையிலிருந்து எவ்வளவு, படித்துறையிலிருந்து எவ்வளவு என்று நீ குறித்தாய். இந்த இரண்டும் மாற மாற ஆழமும் மாறும், அதை முழுசாய்ப் பார்க்கணும் என்றாய்.

படம் வரைய முதலில் கிடைத்த சாஃப்ட்வேர் கொஞ்ச நாளில் பூட்டிக்கொண்டு பணம் கேட்டது. சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தோம்.

"கணக்கு வாத்தியாரு ஓசியில தேடுறியே, வெக்கமா இல்ல?" என்று சீண்டினேன்.

"சும்மா இரு மச்சான். கணக்கு எவன் அப்பன் வூட்டு சொத்து? காசு கேக்காம குடுக்குறவன் எங்கனா இருப்பான்."

இருந்தான். ஆற்றின் அடி திரையில் எழுந்தது. நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். படித்துறையை ஒட்டி, ஆடித் தண்ணீர் மட்டத்துக்கு முழங்கால் ஆழத்தில் ஒரு திட்டு. அதன் விளிம்பிலேயே, சரிவே இல்லாமல், செங்குத்தாய் மடு.

"புள்ள என் பேச்சை மீறல மச்சான். நான் சொன்ன எடத்துலதான் நின்னிருக்கான்."

"நடுவுல வெள்ளம் போயிருக்கு. மடு நகந்திருக்கும்" என்றேன்.

"படித்துறை நகரலையே" என்றாய். பிறகு என் கையைப் பிடித்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத" என்று சத்தியம் வாங்கினாய். அந்தப் படத்தோடேயே ஒடுங்கி, ஒரு நாள் நீயும் போய்ச் சேர்ந்தாய்.

தங்கச்சி இன்றும் பையன் போட்டோவுக்குப் பூ வைக்கும்போது திட்டுகிறாள்: "அப்பன் பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பல்ல?"

கழி தரை தட்டாமல் நழுவிய இடம் இன்னும் என் கையில் இருக்கிறது. பேத்தி படத்தைத் திருப்புகிறாள். விளிம்பில் உன் பையன் நிற்கிறான், அசையாமல், சொன்ன இடத்தில்.

நீ வாங்கிய சத்தியத்தை உடைக்க நாளைக்குச் சிதம்பரம் பஸ் ஏறுகிறேன் மச்சான். அவன் சொல் கேட்ட பிள்ளை என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் உயிரோடு இருப்பது ஒருத்திதான்: என் தங்கை அஞ்சலை.