திருவிழா மாதத்தில் வரவு பார்த்து மூடிய கிளினிக்

அனுப்புநர்:
திருமதி உதயகலா சுபாஸ்,
கடற்கரை வீதி,
பருத்தித்துறை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சிறுவர் உளநலச் சேவைப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

பொருள்: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பருத்தித்துறையில் நடந்துவந்த செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கை மீண்டும் நடத்துமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் கடற்றொழில் செய்பவர். எங்களுக்கு ஒரே பிள்ளை, பெயர் வித்தியா, வயது எட்டு. அவளுக்கு ஓட்டிசம். பேச்சு இல்லை.

2. சென்ற வருடம் அவள் சுவரில் தலையை மோதி மோதி அழுதாள். "உவளுக்குப் பிடிவாதம் கூடிப்போச்சு" என்று அயலவர்கள் சொன்னார்கள். காதிலிருந்து சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் அது நோவு என்று விளங்கியது. பிள்ளை அத்தனை நாளும் அதைத் தனியே தாங்கியிருக்கிறாள்.

3. அதன் பின்னரே செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினோம். அங்கிருந்த பேச்சுச் சிகிச்சையாளர் செல்வி நிமலினி, தொடக்கத்தில் பல கிழமைகள் அவளோடு நிலத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, நோகும் இடத்தில் மற்றவரின் கையை எடுத்து வைக்கப் பழக்கினார். முதற்பாடம் வயிறு. ஒருநாள் வித்தியா குசினிக்குள் வந்து, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் படுத்தாள். நான் அடுப்பை நிறுத்திவிட்டு அழுதேன் ஐயா, சந்தோசத்தில். தலை, காது, பல் எல்லாம் அடுத்தடுத்த பாடங்கள் என்று நிமலினி மிஸ் சொல்லியிருந்தார்.

4. ஐப்பசியில் கிளினிக் கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. வருகை போதாமையால் கிளினிக் நிறுத்தப்பட்டுள்ளதாம். எந்த மாதத்து வருகை என்று விசாரித்தேன். சந்நிதி முருகன் கோயில் திருவிழா மாதமாம்! அந்த நாட்களில் இந்தப் பக்கத்தில் சுவர் கட்ட ஒரு மேசனைக்கூடப் பிடிக்க ஏலாது. எங்கள் பிள்ளைகளை எண்ணுவதற்கு மட்டும் ஆள் வந்திருக்கிறார். தூக்குக்காவடிகள் மேளத்தோடும் ஒலிபெருக்கியோடும் வீதியால் போகையில் இப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடப்பார்கள். எந்தப் பெற்றோர் அவர்களை வெளியே இழுத்து வருவார்? முருகனில் எனக்குக் குறையில்லை; நானும் அவனுக்குக் கற்பூரம் கொளுத்துகிறவள்தான். ஆனால் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கென்று திறந்த கிளினிக்கை, சத்தம் தாங்காமல் அவர்கள் வரவில்லை என்று மூடுவது எந்த ஊர் ஞாயம்?

5. நான் எழுதிக் கேட்டதற்கு, யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவரலாம் என்று தங்கள் பிரிவு பதில் அனுப்பியது. கூட்டிவந்தேன். பஸ்ஸில் போட்ட பாட்டுக்கு அவள் கத்தத் தொடங்கினாள். நடத்துநர் நல்ல மனிதர், பாட்டை நிறுத்தினார். பின்னாலிருந்த ஒருவர், "காசு குடுத்துத்தானே வாறம், பாட்டைப் போடும் தம்பி" என்றார். கடைசியில், "குறை நினையாதேங்கோ அக்கா, ஓட்டோவிலை போங்கோ" என்று வழியில் நெல்லியடியில் இறக்கிவிட்டார்கள். ஒருவாறு வந்து சேர்ந்தும் பயனில்லை. புதியவரைக் கண்டதும் வித்தியா மேசைக்குக் கீழே போய்விட்டாள். அடுத்த தவணைக்குப் பங்குனியில்தான் வரச் சொன்னார்கள்.

6. தங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். வித்தியாவுக்கு வயிறு மட்டுமே பழகியிருந்தது. ஆகவே எங்கே நொந்தாலும் என் கையை வயிற்றிலேயே வைத்தாள். சென்ற மாதமும் வைத்தாள், நான் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். திரும்பவும் வைத்தாள், திரும்பவும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாய்க்குள் பல்லடி முரசு வீங்கியிருக்கக் கண்டேன். நொந்தது பல். சொல்லியும் அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அதன் பிறகு அவள் என் கையைத் தொடவே இல்லை. சமைக்கும்போதும் ஒரு கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன், வந்து பிடிக்கமாட்டாளா என்று.

7. நிமலினி மிஸ் இப்போது கிளிநொச்சியில் கடமையாற்றுகிறார். "கடிதம் தந்தால் செவ்வாய்க்கிழமையளிலை வந்து போவன் அக்கா" என்று தொலைபேசியில் சொன்னார். அந்த அனுமதிக் கடிதத்தைத் தாங்கள் கொடுக்க வேண்டும். வரவு பார்ப்பதென்றால் சாதாரண மாதமொன்றில் தாங்களே நேரில் வந்து பாருங்கள். இப்பகுதிப் பெற்றோரின் கையொப்பங்களை இணைத்துள்ளேன்.

8. என் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னை அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அவளுடைய தகப்பனும் நானும் இல்லாத ஒரு காலத்திலும் அவளுக்கு நோவு வரும். அன்று பக்கத்தில் நிற்கிறவர் யாராயிருந்தாலும், அவருடைய கையை எடுத்து, நோகிற இடத்தில் அவள் வைக்க வேண்டும். அதைப் படித்து முடிக்கும்வரைக்குமாவது அந்தக் கதவைத் திறந்து வையுங்கள் ஐயா.

தங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) சு. உதயகலா
வித்தியாவின் தாய்

இடம்: பருத்தித்துறை
திகதி: 18.12.2025