நூற்றாறாம் நம்பர் ஜெட்

என் பிடிவாதக்கார மச்சான் சேவியருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டியை நான் நடுரோட்டில் கொன்றிருப்பேன். வேறு யாரிடமும் இதை இப்படிச் சொல்லவில்லை. ஸ்டெல்லா எனக்குத் தங்கச்சி, ஆனாலும் முதலில் உன்னிடம்தானே நான் சொல்லியாக வேண்டும்?

எல்லாம் நம் வண்டியால் வந்தது. நம் வண்டி என்று சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பாண்டிச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா வீட்டுக் கொட்டகையில், கோழி அடைந்து கிடந்த அந்த இத்தாலி ஸ்கூட்டரை நாம் இரண்டு பேரும்தானே கண்டுபிடித்தோம்? யாராவது "இது நம்ம ஊரு பழைய ஸ்கூட்டருதானே" என்றால் உனக்குப் பொத்துக்கொண்டு வரும். "கண்ணு இருக்கா உனுக்கு? ஹெட்லைட்டு எங்க இருக்கு பாரு, மட்கார்டு மேல! நம்ம ஊர்ல எந்த வண்டிக்குடா இப்படி இருக்கு?" என்று சண்டைக்கே போய்விடுவாய்.

ஆறு வருஷம் அதை டியூன் பண்ணினோம். நான் குடிகாடு கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை பார்க்கிறவன். அளவு, புத்தகம், அட்டவணை. நீ தேவனாம்பட்டினத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவன்; காது, மூக்கு, விரல். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றி, ஸ்டெல்லா கொடுத்த காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய். "வெள்ளையா இருந்தா இன்ஜினு பட்டினி, சூடாயி வெந்து போயிடும். கறுப்பா இருந்தா அஜீரணம். இந்தக் காபி கலரு என்னைக்கி வருதோ அன்னைக்கித்தான் டியூனிங் முடிஞ்சிதுன்னு அர்த்தம்." கரி பிடித்த சாமானை டம்ளர் பக்கத்தில் கொண்டுவராதே என்று அவள் கத்துவாள். நாம் சிரிப்போம்.

அப்புறம் அந்த ஜெட் சண்டை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற ஊசித்துளை, ஒரு பித்தளைத் துண்டு, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிசு. புத்தகத்தில் நூற்றிரண்டாம் நம்பர் என்று போட்டிருந்தது. நீ துளை பெரிதான நூற்றாறைக் கொண்டுவந்து நின்றாய்.

"புக்கு எழுதுனவன் இந்தப் பெட்ரோலக் கண்டானா? இப்ப ஸ்பிரிட்டு கலந்துல்ல வருது. இதுக்குப் பசி ஜாஸ்திடா" என்றாய்.

"உன் படகு புத்திய எல்லாம் இதுல காட்டாத" என்றேன்.

அதை உன் கடையில், நான்கு மீனவர்கள் முன்னால் சொன்னேன். நீ ஸ்பேனரைக் கீழே வைத்தாய். எறிந்திருந்தால்கூடத் தேவலை.

மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாய். அந்தத் தொண்டை கட்டின ஹாரன் வேறு யாருடையது? கதவுக்குப் பின்னால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி அடித்தாய். சண்டையைத் தொடரத்தான் வந்திருக்கிறாய், வரட்டும், இறங்கி வந்து கூப்பிடட்டும் என்று இருந்தேன். நீ கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டபடி நின்றாய். பிறகு போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், வாயில் குழாயோடு. மஞ்சள் காமாலை கல்லீரலைத் தின்றுவிட்டது என்றார்கள். ஒன்பதே நாள். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது உனக்குத் தெரியுமா?

போன மாதம் ஸ்டெல்லா வந்தாள். "அண்ணே, வருஷ நெனவு வருது. சிதம்பரத்துல இருக்குற அவுரு கல்லறைக்குப் போவணும். பஸ்ஸும் வேணாம், காரும் வேணாம். அந்த வண்டியில போவணும். 'டியூனிங் முடியட்டும், உன்ன ஏத்திக்கிட்டு எங்க ஊரு சிதம்பரத்துக்குப் போறேன்'னு ஆறு வருஷமா சொல்லிச் சொல்லியே ஏமாத்திட்டாரு. நீ முடிச்சிக் குடு" என்றாள்.

உன் உயிர் இருந்த வரை அவளை ஒரு தடவைகூட நீ அதில் ஏற்றவில்லை. டியூனிங் முடியாத வண்டியில் பெண்டாட்டியை ஏற்றமாட்டேன் என்றாய். இதை நான் எப்படி மறுப்பது?

கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே நூற்றாறு. மாட்டியே விட்டிருக்கிறாய்! செத்தவன் மேல் கோபம் வருமா என்றால், வரும் மச்சான், எனக்கு வந்தது. அதைக் கழற்றி, உன் பிளக்கையும் கழற்றி, இரண்டையும் ஒரு பேப்பரில் சுருட்டிப் பக்கப் பெட்டியில் போட்டேன். பிளக்கின் நிறத்தைப் பார்க்கக்கூட இல்லை. புத்தகப்படி நூற்றிரண்டு, புதுப் பிளக்கு. பீச் ரோட்டில் நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன், பூ மாதிரி போனது. நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் எந்த இன்ஜினும் பூ மாதிரிதான் போகும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கிளம்பினோம். ஸ்டெல்லா ஒருக்களித்து உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மடியில் சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும். குடிகாடு தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துலயா தினம் இருக்குற?" என்று சிரித்தாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியது. புதுச்சத்திரம் தாண்டியது. எதிர்க்காற்று. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வந்தது. அப்போது காதோரம் கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். ஸ்டெல்லாவின் வளையல் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போனேன்.

அவள்தான் வளையலைக் கழற்றி ஒரு வருஷம் ஆயிற்றே!

சத்தம் இன்ஜினுக்குள் என்று மண்டையில் உறைத்த அதே நொடியில் அது இறுகிவிட்டது. பின்சக்கரம் சுற்றாமல் கீச்சென்று இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனது. ஸ்டெல்லா "ஏசுவே" என்றாள். என் இடது கை தானாக மடங்கியது. நீ நச்சரித்து நச்சரித்துப் பழக்கின கை அது. "ரெண்டு வெரலு எப்பவும் கிளட்ச்சு மேல இருக்கணும்டா, இந்த இன்ஜினு சொல்லிட்டுப் புடிக்காது." கிளட்ச்சைப் பிடித்ததும் சக்கரம் சுழன்றது. பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. டிரைவர் திட்டினது முழுசாகக் காதில் விழுந்தது. வண்டி மண்ணோரம் உருண்டு போய் நின்றது.

ஒரு பூவரச மரத்தடியில் வண்டியைத் தள்ளினேன். கிக்கரை மிதித்தேன், அசையவில்லை. கல். இதற்குப் பிஸ்டன் இந்தத் தேசத்தில் கிடையாது என்று நீதானே சொல்வாய்? 

"அண்ணே, அவுரு வண்டிய இன்னா பண்ண?" என்றாள்.

சொன்னேன். சண்டை, ஜெட், நான் மாற்றினது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடித்திருக்கலாம். "அவுரு மாட்டுனத எடுக்க நீ யாரு? படிச்சவன்னா பெரிய இவனா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரம் இன்ஜினைத் தொடவில்லை. சூடு அடங்கினதும் என் புதுப் பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பட்டினி. நீ சொன்ன அதே பட்டினி. பழையதைப் போடலாம் என்று பக்கப் பெட்டியிலிருந்து பேப்பர் சுருளை எடுத்துப் பிரித்தேன். ஸ்டெல்லாதான் அந்தப் பழைய பிளக்கை முதலில் கையில் வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணே, இது நான் போடுற காபி கலரு."

வாங்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி கறுப்பில்லை, ஒரு புள்ளி வெள்ளையில்லை. ஆறு வருஷமாக நாம் தேடின நிறம்.

"அப்ப முடிச்சிட்டாரா?" என்றாள்.

"முடிச்சிட்டான்" என்றேன்.

பிளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளே பேசினாள். "காச்சலு வர்றதுக்கு மொத நாளு சாயங்காலம் உன் வூட்டுக்குத்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தாரு. மொகமெல்லாம் சிரிப்பு. எனக்குக்கூட ஒன்னும் சொல்லல, அந்தோணிக்கிட்ட காட்டிட்டு வந்து சொல்றேன்னாரு. திரும்பி வந்து, 'அவன் வூட்ல இல்ல போலருக்கு, நாளைக்கிப் போயிக்கிறேன்'னாரு."

நான் வீட்டில் இல்லையா மச்சான்? வாசலில் என் சைக்கிள் நின்றது, ஜன்னலில் லைட் எரிந்தது. எல்லாம் பார்த்துவிட்டுத்தானே போனாய்? அவளிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லையே, ஏன்? அந்தச் சாயங்காலம் இன்ஜின் ஒரு துடிப்புக்கூடத் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் காதில் விழுந்தது. நான் பேப்பரைத் திருப்பினேன்.

அழுதுவிட்டேன். ரோட்டோரத்தில், ஐம்பத்திரண்டு வயசில்.

நூற்றாறை மாட்டினேன். உன் பிளக்கை மாட்டினேன். கிக்கரைக் கையால் அழுத்தினேன், இறங்கிற்று. நான்காவது உதையில் பிடித்தது. சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கும், அது என் பாவக் கணக்கு. முப்பதுக்கு மேல் போகாமல் வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கி, கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்தோம். ஸ்டெல்லா மாலையைப் போட்டுவிட்டு உன் கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். "முடிஞ்சிதுன்னு என்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டாள். என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துச் சொன்னாய் என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

இனி அந்த ஜெட்டை நான் தொடமாட்டேன். ஸ்டெல்லா ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம், என்னையே சொல்லித்தரச் சொல்கிறாள். அடுத்த வருஷம் அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து வருவேன். முதல் நாள் முதல் பாடம், இரண்டு விரல் கிளட்ச் மேல். யார் சொல்லிக் கொடுத்தது என்றும் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

அன்றைக்கு வீட்டில் இருந்த
உன் மச்சான்,
அந்தோணி