கழற்றிப் போட்ட சட்டை

கோட்டைக்குப்பம்

அன்பு மகன் இளவழகனுக்கு அம்மா தேவகி எழுதுவது. இங்கே நான், நைனா, உன் தம்பி பிரவீன், சந்தியா எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். எல்லையில் நீயும் அப்படியே இருக்கக் கங்கையம்மன் உன்கூட நிற்கட்டும்.

சண்டை தொடங்கியதும் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று சந்தியாவுக்கு எழுதியிருந்தாயே, அதிலிருந்து உன் கடிதம் வந்தால்தான் உன் பெண்டாட்டிக்குச் சோறு இறங்குகிறது. போன வாரம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டார்கள், வீடு அதிர்ந்ததும் நண்டுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, அத்தே அவருக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு ஒரே அழுகை. அட ராக்கெட்டுடி, இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறேன்னு அதட்டினேன். அதட்டிய நானே அன்று ஏரிக்குப் போகவில்லை.

மீஞ்சூரில் கம்பெனி வேலைக்காரர் வீட்டில் பிறந்தவள், நம் வீட்டு வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? கடலுக்குப் போனவன் கழற்றிப் போட்ட துணியை அவன் கரையேறும்வரை நாம் துவைப்பதில்லை. நீ புறப்படும்போது ஆணியில் மாட்டிய கட்டம் போட்ட சட்டையை அதனால்தான் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஏரியில் இறால் பிடித்துவிட்டு வருகிறேன், அது கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. யாரைக் கேட்டுடி துவைச்சேன்னு கத்தினேன். அவர்தான் அத்தே, துவைச்சி பிரவீனுக்குக் குடுத்துடுன்னு எழுதினாருன்னு சொல்கிறாள், பாவம்.

அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே! உன் சித்தப்பா நாகப்பன் கடலிலிருந்து திரும்பாமல் போனபோது, காரியம் முடிந்த பிறகுதானே அவர் லுங்கியைத் துவைத்தோம்? நீதானே தண்ணீர் அடித்துக் கொடுத்தாய்? தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். அப்படி அங்கே என்னடா நடக்கிறது? அந்தக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நைனாவிடம் இதைச் சொல்லவில்லை, அவர் ஏற்கெனவே வலையைத் தொடாமல் டிவி செய்தியே கதி என்று கிடக்கிறார். சந்தியாவிடம் எப்படிச் சொல்வேன், வயிற்றுப் பிள்ளைக்காரி.

சட்டையைப் பிரவீனுக்குக் கொடுக்கவில்லை. கொடியிலிருந்து ஈரத்தோடு இழுத்து நானே போட்டுக்கொண்டேன். தினமும் அதோடுதான் கழுத்தளவு தண்ணீரில் இறங்குகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். ஏரிச் சேறும் என் வேர்வையும் ஏறிவிட்டது, இப்போது அது துவைத்த சட்டை இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. அவசரப்பட்டு முன்னால் போய் நிற்காதே. சந்தியாவுக்கு நல்லதாக நாலு வரி எழுது. நீ நூறு வயது இருப்பாய், என் ஆயுசையும் எடுத்துக்கொள். நீ வந்து கேட்கும்வரை இந்தச் சட்டையை நான் துவைக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
தேவகி