பால் ஊறவில்லை என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

நீ தினமும் பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பிள்ளையிடம் சேர்க்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த உள்ளங்கையளவு பிள்ளைக்கு இரண்டாம் நாளே குழாயில் பாலா? அந்தக் குடல் தாங்காது. நானும் புத்தகம் படித்தவன்தான். "மகளுக்குப் பால் ஊறவில்லை" என்று டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, புட்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே கவிழ்த்துவிடுவேன்.

அவர்கள் என்னைக் கேட்காமல் டப்பாப் பாலைத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று காலை வயிறு பளபளவென்று உப்பியிருந்தது. பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"தாய்ப்பால் ஒரு சொட்டு கிடைச்சிருந்தாக்கூட..." என்று நர்ஸ் இழுத்தாள்.

"நீ என்ன பெரிய டாக்டரா?" என்று அதட்டினேன்.

"இல்ல தாத்தா. உங்க கையில என்ன புட்டி?"

தப்பு டப்பாப் பாலின் மேல்தான். பிள்ளை தேறினால் உன் பால்தான் வேண்டுமாம். நாளை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பு.

உன் அப்பா